புண்ணாற்றிய பெருந்தகை ஜோசப் லிஸ்டர்

அறுவை மருத்துவத்திற்குப் பழங்காலந்தொட்டே இரு பெரும் பகைகள் இருந்து வந்தன. ஒன்று வலி, மற்றொன்று அறுத்த இடம் புரையோடுதல். முதற்பகையை 1846-ஆம் ஆண்டில் ஈதர் என்னும் மயக்க மருந்து வென்றது. நோயாளி துடிக்காமல் கிடந்தமையால் அறுவை மருத்துவர்கள் முன்னினும் துணிந்து கத்தியை எடுத்தனர். முன்னினும் ஆழமாக அறுத்தனர். அறுவைகள் பெருகின. அவற்றோடு, அறுவைக்குப்பின் சீழ் வைத்து இறந்தோர் தொகையும் பெருகிற்று. மேசைமேல் பிழைத்தவர் கட்டிலில் மாண்டனர். இவ்விரண்டாம் பகை இன்னதென்று கண்டு, அதனைத் தடுக்கும் நெறியை வகுத்து, அந்நெறிக்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜோசப் லிஸ்டர். காக்க வந்த கையே கொல்லும் கையாகவும் இருக்கக்கூடும் என்னும் கசப்பான உண்மையை மருத்துவ உலகம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்ட வரலாறே அவருடைய வரலாறு.

தந்தையின் நுண்ணோக்கி

இலண்டனை அடுத்த அப்டன் என்னும் ஊரில் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் லிஸ்டர் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் திராட்சை மது வணிகர், தாயார் இசபெல்லா. குவேக்கர் எனப்படும் எளிமை போற்றும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தது அக்குடும்பம். தந்தையார் தொழிலால் வணிகர் எனினும் உள்ளத்தால் அறிவியலாளர். ஓய்வு வேளைகளில் கண்ணாடி வில்லைகளை ஆராய்ந்து, நுண்ணோக்கியில் காணும் பொருளைச் சுற்றித் தோன்றும் நிறப்பிழையைக் களையும் வழியைக் கண்டார். அதன் பயனாக 1832-இல் இங்கிலாந்தின் ராயல் கழகத்தில் உறுப்பினரானார். கண்ணுக்குப் புலனாகாதவற்றையும் உள்பொருளாக எண்ணிப் பழகும் மனம் மைந்தருக்கு வாய்த்தது இத்தந்தையிடமிருந்துதான்.

குவேக்கர் பிரிவினருக்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் எட்டாதிருந்த காலம் அது. ஆகவே சமய வேறுபாடு பாராத இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் லிஸ்டர் சேர்ந்தார். இடையில் உடன்பிறந்தான் ஒருவனின் மறைவும் பெரியம்மை நோயும் அவரைத் தளர்த்தின. உள்ளம் நொந்து படிப்பைச் சிறிது காலம் நிறுத்தவும் நேர்ந்தது. மீண்டும் வந்து 1852-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்; அவ்வாண்டிலேயே அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினருமானார்.

எடின்பரோவில் இல்லறமும் ஆய்வும்

1853-இல் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்துடன், ஸ்காட்லாந்தின் புகழ்மிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமைக் காண லிஸ்டர் எடின்பரோ சென்றார். சில வாரங்கள் தங்கிக் கற்க எண்ணிச் சென்றவர், அந்நகரிலேயே நிலைத்துவிட்டார். சைமின் மகள் ஆக்னசை 1856-இல் மணந்தார். குவேக்கர் அல்லாத பெண்ணை மணப்பதற்காகத் தாம் பிறந்த சமயப் பிரிவைவிட்டு விலகவும் செய்தார். மணமக்களின் முதற்பயணமே ஐரோப்பிய மருத்துவமனைகளைக் காணும் பயணமாக அமைந்தது.

இவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. ஆய்வே இருவருக்கும் பொதுவான செல்வமாயிற்று. தவளையின் கால்விரலிடைச் சவ்வில் அழற்சி எவ்வாறு தோன்றுகிறது, குருதி எவ்வாறு உறைகிறது என்பனவற்றை லிஸ்டர் நுண்ணோக்கியின்கீழ் ஆராய, அவர் சொல்லச் சொல்ல ஆக்னஸ் எழுதினார். லிஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளில் பெரும்பகுதி அவ்வம்மையாரின் கையெழுத்திலேயே உள்ளது. அத்தகைய துணை வாய்க்கப் பெற்றவர், பிற்காலத்தில் பெண்கள் ஆடவரோடு மருத்துவம் பயில்வதை ஆதரிக்கவில்லை என்பது அவர் வாழ்வில் ஒரு முரண்.

கிளாஸ்கோவின் துயரக் கூடம்

1860-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரான லிஸ்டர், அடுத்த ஆண்டு கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையின் புதிய அறுவைப் பிரிவில் பொறுப்பேற்றார். கட்டடம் புதிதாயினும் அங்கே வந்த சாவு பழையதே. குருதி நஞ்சாதல், சதை அழுகிக் கருத்தல், தோல் சிவந்து வீங்கிப் பரவும் அழற்சி ஆகியன ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குத் தாவின. அக்கட்டடத்தின் அடித்தளத்தை ஒட்டி, 1849-ஆம் ஆண்டுக் கொள்ளை நோயில் காலராவுக்குப் பலியானோரின் சவப்பெட்டிகள் மண்ணின் மேற்பரப்பிலிருந்து சில அங்குல ஆழத்திலேயே அடுக்கப்பட்டிருந்ததைப் பின்னர்க் கண்டறிந்தனர். நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பிய அக்கால மருத்துவருக்கு இதுவே போதிய விளக்கமாயிருந்தது.

மருத்துவரின் வழக்கங்களோ இன்று கேட்பவரை நடுங்கச் செய்வன. குருதியும் சீழும் படிந்து விறைத்த பழைய மேலங்கியே அறுவைக்குரிய உடை. அதன் கறை, அணிந்தவரின் பட்டறிவுக்குச் சான்று. பிணமறுத்த கையோடு நேரே நோயாளியிடம் வருவதில் எவரும் குறை காணவில்லை. ஒருவர் புண்ணைத் துடைத்த கடற்பஞ்சு அடுத்தவர் புண்ணையும் துடைத்தது. புண்ணில் சுரக்கும் சீழை, ஆறுதலின் நல்ல அறிகுறியென்று வரவேற்ற மருத்துவரும் உண்டு.

லிஸ்டரின் சிந்தையை ஒரு வினா விடாது பற்றியிருந்தது. தோல் கிழியாமல் எலும்பு மட்டும் முறிந்தால் அது சீழின்றிக் கூடிவிடுகிறது. முறிந்த எலும்பு தோலைக் கிழித்து வெளிப்பட்டால் மட்டும் புண் அழுகுகிறது. பலபொழுது உறுப்பையே துண்டிக்க நேர்கிறது. முறிவு ஒன்றே, வேற்றுமை தோலில் விழுந்த திறப்புத்தான். அத்திறப்பின் வழியே உள்ளே புகுவது எது? காற்றிலுள்ள உயிர்வளியே சதையை அழுகச் செய்கிறது என்பது அந்நாளைய வேதியியலார் பலரின் கொள்கை. அங்ஙனமாயின் மருத்துவர் செய்யத்தக்கது யாதொன்றுமில்லை. காற்றை யாரால் தடுக்க இயலும்?

1865-ஆம் ஆண்டளவில் கிளாஸ்கோவின் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், பிரான்சின் லூயி பாஸ்டர் எழுதிய கட்டுரைகளை லிஸ்டருக்குக் காட்டினார். மது புளிப்பதும் இறைச்சி அழுகுவதும் காற்றின் செயலல்ல. காற்றில் தூசியோடு மிதந்துவரும் நுண்ணுயிர்களின் செயலே என்று பாஸ்டர் நிறுவியிருந்தார். தேடிய விடை லிஸ்டருக்குக் கிட்டிவிட்டது. காற்றைத் தடுக்க வேண்டியதில்லை; அதில் வரும் கிருமியைக் கொன்றாற் போதும். கிருமியை அகற்றப் பாஸ்டர் காட்டிய வழிகள் மூன்று: வடிகட்டுதல், சூடேற்றுதல், வேதிப்பொருளால் அழித்தல். மனிதன் உடற்புண்ணை வடிகட்டவும் இயலாது, கொதிக்க வைக்கவும் இயலாது. எஞ்சியது மூன்றாம் வழி ஒன்றே.

நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் கார்பாலிக் அமிலத்தைக் கார்லைல் நகரத்தார் சாக்கடைக் கழிவின் நாற்றம் போக்கப் பயன்படுத்தியதும், அக்கழிவு பாய்ந்த மேய்ச்சல் நிலத்துக் கால்நடைகளைப் பீடித்த நோய் நீங்கியதும் லிஸ்டரின் செவிக்கு எட்டியிருந்தன. அதனையே அவர் தேர்ந்தெடுத்தார்.

ஒரு சிறுவனின் கால்

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. லிஸ்டர் சோர்ந்தாரில்லை. 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். வண்டிச் சக்கரம் ஏறியதால் இடக்காலின் எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தது. காலைத் துண்டிப்பதே அந்நாளில் பலரும் கைக்கொள்ளும் வழி. லிஸ்டர் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் கழுவி, அதில் தோய்த்த துணியால் மூடி, சிம்பு வைத்துக் கட்டினார். நான்கு நாட்கள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது அழுகல் நாற்றம் இல்லை, சீழும் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. சிறுவன் தன் இரு கால்களாலும் நடந்து வீடு திரும்பினான்.

அதற்கு மறுநாள், ஆகஸ்டு 13-இல், வியன்னாவை அடுத்த மனநோய் விடுதியில் இக்னாஸ் செம்மல்வைஸ் இறந்தார். மகப்பேற்றுக் கூடத்தில் தாய்மாரைக் கொன்ற காய்ச்சல் மருத்துவரின் கழுவாத கைகளால் பரவுகிறது என்று 1847-லேயே கண்டு, கைகளைக் குளோரின் நீரில் கழுவச் செய்து, பல உயிர்களைக் காத்தவர் அவர். உலகம் அவரை நம்பவில்லை. இறுதியில் அவரை மாய்த்ததும் புரையோடிய புண்ணே. அப்பெருமகனின் பணியை லிஸ்டர் அப்போது அறிந்திருக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து நழுவிய விளக்கை, அவரை அறியாமலே மற்றொருவர் ஏந்தியது போலாயிற்று.

அடுத்தடுத்துத் திறந்த முறிவுற்ற 11 பேருக்கு லிஸ்டர் இம்முறையைக் கையாண்டார். ஒருவர் இறந்தார், ஒருவர் காலை இழந்தார், மற்ற 9 பேரும் உறுப்புடன் பிழைத்தனர். 1867-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன.

அதே ஆண்டு ஜூன் திங்களில் அவருக்கு வேறொரு சோதனை வந்தது. உடன்பிறந்தவளான இசபெல்லா மார்பகப் புற்றுநோயுடன் அவரிடம் வந்தார். அத்தகைய அறுவைக்குப்பின் சீழ் வைத்து இறந்தோர் மிகப் பலர். தம் நெறி தவறென்றால் தம் கையாலேயே உடன்பிறந்தவளைக் கொன்றவராவார். லிஸ்டர் தம் இல்லத்திலேயே அறுவையைச் செய்தார். புண் புரையோடாமல் ஆறிற்று. இசபெல்லா மேலும் மூன்றாண்டுகள் உயிர் வாழ்ந்தார். பின்னர் அவரை மாய்த்தது புற்றுநோயேயன்றி அறுவைப் புண்ணன்று.

அதன்பின் ஆகஸ்டு திங்களில் டப்ளின் நகரில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் தம் கொள்கையை அவர் எடுத்துரைத்தார். உறுப்பு நீக்க அறுவைகளைப் பற்றி அவர் பின்னர் வெளியிட்ட கணக்கு இன்றும் நினைக்கத்தக்கது. புதுமுறைக்கு முன் 1864, 1866 ஆகிய ஈராண்டுகளில் 35 பேருக்கு உறுப்பு நீக்கியதில் 16 பேர் மாண்டனர். புதுமுறை வந்தபின் 1867 முதல் 1869 வரை 40 பேரில் 6 பேரே மாண்டனர்.

எதிர்ப்பின் வேர்

இத்துணைத் தெளிவான சான்றுகளுக்குப் பின்னும் எதிர்ப்பு மூண்டது. குளோரோபார்மின் மயக்கும் ஆற்றலைக் கண்டு புகழ்பெற்ற ஜேம்ஸ் சிம்சன், கார்பாலிக் அமிலத்தைப் பாரிசின் லெமேர் முன்பே பயன்படுத்தியுள்ளார் என்று சுட்டி லிஸ்டரின் புதுமையை மறுத்தார். அமிலம் தமது கண்டுபிடிப்பென்று லிஸ்டர் கூறியதே இல்லை. எதற்காக அதனை இடுகிறோம் என்னும் கொள்கையே அவருக்குப் பெரிது. அவரைப் பின்பற்றுவதாகச் சொன்ன பலரும் மருந்தை எடுத்துக்கொண்டு கொள்கையை விட்டனர். புண்ணில் சிறிது அமிலத்தைத் தெளித்துவிட்டுக் கழுவாத விரலால் அதனைத் துழாவினர். பயனில்லை என்று அறிவித்தனர்.

எதிர்ப்பின் வேர் இதனினும் ஆழமானது. லிஸ்டர் சொல்வது உண்மையென்றால், அதுவரை தம் கூடங்களில் இறந்தவருள் எத்தனையோ பேர் தம் விரலாலும் கத்தியாலும் இறந்தவராவர். வாழ்நாளெல்லாம் உயிர் காத்ததாக எண்ணியிருந்த முதியவர் ஒருவர் அதனை ஒப்புவது எளிதன்று. கண்ணுக்குத் தெரியாத கிருமியை மறுப்பதைவிடக் கண்ணுக்குத் தெரிந்த தம் கையை ஐயுறுவதே அவர்களுக்குக் கடினமாயிருந்தது. அதனால்தான் முதியோரைவிட இளம் மாணவரே லிஸ்டரிடம் மிகுதியாகத் திரண்டனர்.

1869-இல் சைமின் இடத்தை நிரப்ப லிஸ்டர் எடின்பரோவுக்குத் திரும்பினார். கழுத்து வளைந்த கண்ணாடிக் குடுவைகளில் கிருமி புகாமல் கெடாதிருந்த திரவங்களைத் தொடர்வண்டியில் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு அவர் கொண்டுவந்தார். காற்று உட்புகுந்தும் கெடாத அக்குடுவைகள், மாணவர்முன் ஆயிரம் சொற்களின் வேலையைச் செய்தன. குருதிக் குழாயைக் கட்டும் பட்டுநூல் உடலினுள் கிருமியின் உறைவிடமாவதைக் கண்டு, கிருமி நீக்கிய ஆட்டுக்குடல் நூலை அவர் அறிமுகப்படுத்தினார். அது கட்டிய பணி முடிந்ததும் உடலிலேயே கரைந்துவிடுவது. 1871-இல் விக்டோரியா அரசியாரின் அக்குளில் தோன்றிய கட்டியை அறுத்துச் சீழை வடித்ததும் அவரே.

கவிஞன் காத்த நன்றி

1873-இல் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி என்னும் இளைஞர் எடின்பரோ வந்து சேர்ந்தார். எலும்புருக்கி நோயால் ஒரு காலை முன்பே இழந்தவர். மறு காலையும் துண்டிக்கவேண்டும் என்று பிறர் கூறிவிட்டனர். வறுமையும் நோயும் வாட்ட, கடைசி நம்பிக்கையாக லிஸ்டரை நாடினார். ஏறத்தாழ 20 திங்கள் அவர் மருத்துவமனையில் கிடந்தார். லிஸ்டர் பல அறுவைகளைப் பொறுமையுடன் செய்து அக்காலைக் காத்தார்.

அக்கட்டிலில் கிடந்தபடியே ஹென்லி மருத்துவமனை வாழ்வைக் கவிதைகளாக வடித்தார். இன்விக்டஸ் என்னும் பெயரால் பின்னாளில் உலகறிந்த பாடல் பிறந்ததும் அங்கேதான். லிஸ்டரைப் பற்றியும் ஒரு கவிதை எழுதினார். அங்கு அவரைக் காண வந்து நண்பரானவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். தம் புதையல் தீவு நாவலின் ஒற்றைக்கால் கடலோடி ஜான் சில்வரை அவர் படைத்தது ஹென்லியை மனத்திற்கொண்டே. ஒரு புண் புரையோடாமல் காக்கப்பட்டமையால் ஆங்கில இலக்கியத்திற்கு வாய்த்த பேறு இது.

கடல் கடந்த புகழ்

பிறந்த நாடு தயங்கியபோது ஜெர்மனி அவரை ஏற்றது. 1870-71-ஆம் ஆண்டுப் போரில் புரையோடிய புண்களால் வீரர் மடிந்ததைக் கண்ட அந்நாட்டு மருத்துவர்கள் புதுவழியை நாடி நின்றனர். ஹாலே நகரின் ரிச்சர்டு ஃபோல்க்மன் 1872-இல் லிஸ்டரின் முறையைக் கைக்கொண்டார். லியாண்டர் என்னும் புனைபெயரில் சிறுவர் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவரும் இவரே. மியூனிக் நகரில் 1874-இல் அறுவைப் புண்களில் 100-க்கு 80 அழுகிய ஒரு மருத்துவமனையில், நுஸ்பாம் என்பார் 1875-இல் இம்முறையைப் புகுத்தியதும் அவ்வழுகல் மறைந்தது. அவ்வாண்டு ஜெர்மனியில் பயணம் செய்த லிஸ்டருக்கு நகர்தோறும் சிறப்பான வரவேற்புக் கிடைத்தது.

1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மாநாட்டில் அவர் பேசினார். கேட்டவர் பலர் நம்பினாரில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டைத் தேடி மருத்துவர்கள் கழுவாத விரல்களைப் புண்ணினுள் நுழைத்தனர். செப்டம்பர் 19-இல் அவர் மாண்டார். குண்டினும் கொடியதாயிற்று அவ்விரல்களால் விளைந்த புரை.

1877-இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு லிஸ்டர் பெயர்ந்தார். தலைநகரின் மருத்துவர்களை நேரில் வெல்வதே அவர் நோக்கம். அங்கு மாணவர் கூட்டம் குறைவு. செவிலியரின் ஒத்துழைப்பும் குறைவு. அவ்வாண்டு அக்டோபரில், உடைந்த முழங்காற் சில்லினைத் திறந்து வெள்ளிக் கம்பியால் இணைத்தார். தோல் கிழியாத முறிவைத் தாமே திறப்பது, கிருமி புகுமாயின், சாவை அழைப்பதற்கு ஒப்பாகும் என்பதை அனைவரும் அறிவர். புண் ஆறி நோயாளி நடந்ததும் எதிர்ப்புரைத்த வாய்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

தம் கருவியைத் தாமே துறந்தவர்

காற்றிலுள்ள கிருமியைக் கொல்ல, அறுவை நடக்குமிடமெங்கும் கார்பாலிக் அமிலத் தூவலைப் பொழியும் கருவியொன்றை லிஸ்டர் பல்லாண்டு பயன்படுத்தினார். அதன் நச்சு மூட்டத்தில் நின்ற மருத்துவரின் கைத்தோல் வெளிறி வெடித்தது, மூச்சும் எரிந்தது. லிஸ்டரின் பெயரைச் சொன்னாலே அத்தூவல்தான் நினைவுக்கு வரும் என்னும் அளவுக்கு அது அவரோடு ஒன்றிவிட்டது. ஆயினும், காற்றினும் கையும் கருவியும் துணியுமே கிருமியை மிகுதியாகச் சுமப்பன என்று பிற்கால ஆய்வுகள் காட்டியபோது, அவர் தயங்கவில்லை. 1890-இல் பெர்லின் மாநாட்டில் பல நாட்டு மருத்துவர் முன்னிலையில், தூவல் வேண்டாத ஒன்று என்றும், அதனைத் தாம் பரிந்துரைத்தமைக்கு நாணுவதாகவும் அறிவித்தார். தம் கைகளை ஐயுறுமாறு பிறரிடம் கேட்டவர், தம் கருவியைத் தாமும் ஐயுற்றார்.

அதற்குள் அவர் நெறி அடுத்த படிக்கு ஏறியிருந்தது. புண்ணில் புகுந்த கிருமியைக் கொல்வதினும், கிருமி புகாமலே தடுப்பது மேலென்று கண்ட ஜெர்மானியர் கருவிகளையும் துணிகளையும் நீராவியில் வேகவைத்தனர். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்பார், கிருமிகொல்லிக் கரைசலால் கைபுண்ணான செவிலிக்காக ரப்பர்க் கையுறை செய்வித்தார். அதுவே பின்னர் அறுவைக் கூடத்தின் பொதுவழக்காயிற்று. பழைய மேலங்கியுடனேயே நெடுங்காலம் அறுவை செய்த லிஸ்டர் இப்புதுமைகள் அனைத்தையும் தாம் மேற்கொண்டாரல்லர். எனினும் அவை யாவும் அவர் ஊன்றிய வித்தின் கிளைகளே.

இறுதி நாட்கள்

1892-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பாரிசில் பாஸ்டரின் 70-ஆம் பிறந்தநாள் விழா நடந்தது. லிஸ்டர் அங்குச் சென்று, அறுவை மருத்துவம் பாஸ்டருக்குப் பட்ட கடனை அவையறியக் கூறினார். தளர்ந்திருந்த பாஸ்டர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். அடுத்த ஆண்டு இத்தாலியில் பயணம் செய்கையில் ஆக்னஸ் நுரையீரல் அழற்சியால் இறந்தார். அதன்பின் லிஸ்டரின் ஊக்கம் குன்றிற்று. 1895 முதல் 1900 வரை ராயல் கழகத் தலைமை, 1897-இல் பிரபுப் பட்டம் எனப் பெருமைகள் வந்தபோது, அவற்றைப் பகிர்ந்துகொள்ள ஆக்னஸ் இல்லை. 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழாவுக்குச் சற்றுமுன் குடல்வால் அழற்சிக்கு அறுவை நேர்ந்தபோது, அறிவுரை கூற அழைக்கப்பட்டவருள் முதியவரான லிஸ்டரும் ஒருவர். மன்னர் பிழைத்தார்.

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் கெண்ட் மாவட்டத்து வால்மரில் லிஸ்டர் இயற்கை எய்தினார். அரசரும் அறிஞரும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கும் இடம் காத்திருந்தது. ஆனால் அவர் விரும்பியவாறே, ஹாம்ப்ஸ்டெட் இடுகாட்டில் ஆக்னசின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

கார்பாலிக் அமிலம் அறுவைக் கூடத்தைவிட்டு அகன்று நெடுநாளாயிற்று. அதன்பின் வந்த பெனிசிலின் முதலான மருந்துகளால் கிருமிப்பகை ஒழிந்ததென்று எண்ணிய காலமும் ஒன்று இருந்தது. அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் தோன்றி அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கின. 2016-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறுவைப் புண்ணில் கிருமி தொற்றாமல் காக்க வகுத்த நெறிகளுள் கைகளை முறையாகத் தூய்மை செய்தல் ஒன்றாகும். நோய்க்கிருமிக் கொல்லி மருந்தை அறுவைக்கு முன் உரிய வேளையில் தருவதும், அறுவை முடிந்தபின் தேவையின்றி நீட்டாதிருப்பதும் அவற்றுள் அடங்கும். அறுவைக் கூடத்தின் வாயிலில் குழாய் நீரின்கீழ் நெடுநேரம் கைகளைத் தேய்த்துக் கழுவி நிற்கும் ஒவ்வொரு மருத்துவரும், தம் கை தூயதென்று தாமே நம்பிவிடாத அடக்கத்தை லிஸ்டரிடமிருந்து பெற்றவரே.